பூனை நகம் கிழித்த கீறல்: வீட்டிலேயே ஆற்றிக்கொள்ளலாமா, ஊசி போட வேண்டுமா?

மாடிப்படி (மதுரை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஆறு மாதப் பூனைக்குட்டி ஒன்று வளர்கிறது. தெருவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட குட்டி. பகலில் வீட்டுக்குள்ளும் இரவில் மொட்டைமாடியிலும் பக்கத்து வீட்டு மதில்களிலுமாகத் திரிகிறது. அதற்கு இதுவரை தடுப்பூசி எதுவும் போடப்படவில்லை. நேற்று மாலை அதன் கழுத்து மயிரில் தெள்ளுப்பூச்சி ஓடுவதைப் பார்த்துக் குளிப்பாட்ட முயன்றபோது, திமிறிக்கொண்டு என் முன்கையைப் பிறாண்டிவிட்டது. மூன்று நீளக் கீறல்கள். இரண்டில் மேல்தோல் மட்டும் வெள்ளைக் கோடாக உரிந்திருக்கிறது. மூன்றாவதில் ரத்தம் துளிர்த்துச் சிறிது நேரத்தில் நின்றுவிட்டது. உடனே சோப்புப் போட்டுக் கழுவினேன். இன்று காலை லேசான எரிச்சலும் விளிம்புகளில் சிறிய சிவப்பும் இருக்கின்றன. வீக்கமோ சீழோ இல்லை.

வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மாமியார் மஞ்சளைக் குழைத்துப் பூசச் சொல்கிறார். கீழ்வீட்டுக்காரர் டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றினால்தான் கிருமி சாகும் என்கிறார். இதன்மேல் எதைத் தடவலாம், மூடி வைப்பதா திறந்து விடுவதா, வீட்டுப் பூனைதானே என்று ஊசியை விட்டுவிடலாமா, தழும்பு விழாமல் ஆற வழி உண்டா என்பவை என் கேள்விகள். மாமனாருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. குட்டி பெரும்பாலும் அவர் மடியில்தான் படுத்துக் கிடக்கும் என்பதால் அந்தக் கவலையும் சேர்ந்துகொண்டது.

வெள்ளைச்சீருடை (ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர்) எழுதியது:

நீங்கள் கேட்ட வரிசையை மாற்றிப் பதில் சொல்கிறேன். காயம் அழகாக ஆறுவதைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் ஊசி. இந்தப் பதிவைப் படித்து முடித்ததும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

ரேபிஸ் என்றாலே நம் மக்களுக்கு நாய்தான் நினைவுக்கு வருகிறது. நம் நாட்டில் அந்த நோய் பெரும்பாலும் நாயிடமிருந்து வருகிறது என்பது உண்மைதான். ஆனால் வெறி பிடித்த நாயிடம் கடிபட்ட பூனைக்கும் அது வரும், அந்தப் பூனையிடமிருந்து மனிதருக்கும் வரும். பூனை எந்நேரமும் தன் பாதத்தை நக்கிச் சுத்தம் செய்துகொண்டே இருப்பதால் எச்சில் நகத்தில் படிந்திருக்கக்கூடும். கடியோடு ஒப்பிட்டால் கீறலால் தொற்றுவது அரிது. எனினும் அறிகுறி தோன்றிய பிறகு ஏறத்தாழ எல்லாரையும் கொன்றுவிடும் நோய் என்பதால், அரிது என்ற காரணத்துக்காக இதில் யாரும் துணிந்து பார்ப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் இத்தகைய காயங்களை மூன்று வகையாகப் பிரிக்கிறது. காயமில்லாத தோலை நக்கியது, தொட்டது, உணவூட்டியது ஆகியவை முதல் வகை. அதற்குக் கழுவினால் போதும். ரத்தம் வராத சிறு கீறலும் சிராய்ப்பும் இரண்டாம் வகை. அதற்குத் தடுப்பூசி உடனே தொடங்கப்பட வேண்டும். தோலைத் துளைத்து ரத்தம் வந்த கடியும் கீறலும், புண்ணின்மேல் பட்ட எச்சிலும் மூன்றாம் வகை. அதற்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் எனப்படும் மருந்தையும் காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் செலுத்துவார்கள். உங்கள் கையில் இரண்டு கோடுகள் இரண்டாம் வகையிலும், ரத்தம் துளிர்த்தது மூன்றாம் வகையிலும் வருகின்றன. மருத்துவரிடம் "பூனை லேசாகக் கீறிவிட்டது" என்று மட்டும் சொல்லாமல், ரத்தம் வந்ததையும், பூனைக்குத் தடுப்பூசி இல்லை என்பதையும், அது வெளியே சுற்றுவதையும் சேர்த்துச் சொல்லுங்கள்; எந்த மருந்து என்பதை அவர் முடிவு செய்ய அந்த மூன்றும் தேவை.

தடுப்பூசி அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகவே போடப்படுகிறது. இம்யூனோகுளோபுலின் எல்லாச் சிறிய நிலையங்களிலும் இருப்பில் இருக்கும் என்று நம்ப முடியாது. ஆகையால் பெரிய மருத்துவமனைக்கு நேரே போவது நல்லது. தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாட்கள் என நான்கு முறை வரச் சொல்வார்கள். தசையில் போடும் முறையில் 14ஆம் நாளும் சேர்ந்து ஐந்து முறையாகும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்ட காலம் மலையேறிவிட்டது. இன்னமும் அந்தப் பயத்தில் வராமல் இருப்பவர்களை நான் பணியில் இருந்தவரை பார்த்திருக்கிறேன் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

பூனையைப் பத்து நாள் கவனித்துவிட்டு அதற்குப் பின் முடிவு செய்யலாம் என்று யாரேனும் சொன்னால் கேட்க வேண்டாம். பத்து நாள் கவனிப்பது சரியான முறைதான். ஆனால் ஊசியைத் தொடங்கிவிட்டு அதைச் செய்ய வேண்டும். பத்து நாளுக்குப் பின்னும் பூனை நன்றாகத் தின்று விளையாடிக்கொண்டிருந்தால், கீறிய அன்று அதன் எச்சிலில் நோய்க்கிருமி இருந்திருக்காது என்று கொள்ளலாம்; மீதி ஊசிகளைப் பற்றி மருத்துவர் அப்போது முடிவெடுப்பார். அதுவரை பூனையை வெளியே விடாமல் வைத்திருங்கள். காணாமல் போன பூனையைக் கவனிக்க முடியாதல்லவா?

டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்றும் கேட்பார்கள். மண்ணும் அழுக்கும் பட்ட காயமாக இருந்து, கடைசி ஊசிக்கு 5 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி போடுவது வழக்கம். சுத்தமான சிறு காயத்துக்கு அந்த இடைவெளி 10 ஆண்டு.

இனிக் கழுவுதல். நீங்கள் உடனே கழுவியது நல்ல காரியம். எவ்வளவு நேரம் கழுவினீர்கள் என்று எழுதவில்லை. 15 நிமிடம் கழுவ வேண்டும் என்பதே விதி. குழாயை மெல்லிய ஓட்டமாகத் திறந்துவிட்டு, சாதாரணக் குளியல் சோப்பையே நுரைக்க நுரைக்கத் தேய்த்து, கீறலின் மடிப்புகளுக்குள் தண்ணீர் ஓடும்படி காட்ட வேண்டும். நாரோ பிரஷோ போட்டுத் தேய்க்கக் கூடாது. ரேபிஸ் வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும் என்பதால்தான் இவ்வளவு நேரம் வற்புறுத்துகிறார்கள். காயம் பட்டு ஓர் இரவு கடந்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கிளம்புமுன் இன்னொரு முறை முழு நேரமும் கழுவிவிடுங்கள். கழுவிய பிறகு போவிடோன் அயோடின் கரைசலை ஒருமுறை தடவலாம். மருத்துவர் பார்க்கும்வரை அதற்குமேல் எதையும் பூசவோ கட்டுப் போடவோ வேண்டாம்.

டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றுவது தோலைப் பொசுக்கும். புதிதாக முளைக்க வேண்டிய தோலணுக்களும் அதில் சாகும். நாளை ஆற வேண்டிய கீறல் அடுத்த வாரம் ஆறும். ஹைட்ரஜன் பெராக்சைடைத் தினமும் ஊற்றுவதும் அப்படித்தான். நுரை பொங்குவதைப் பார்த்துக் கிருமி சாகிறது என்று திருப்திப்படுகிறார்கள். பொங்குவதற்குக் காரணம் நம் ரத்தத்திலும் திசுவிலும் உள்ள ஒரு நொதி.

கரிசல்காட்டான் எழுதியது:

அம்மாவின் அனுபவத்துக்கு வணக்கம். ஆனால் ஒரு சந்தேகம். எங்கள் ஊரில் தானியக் குதிர் உள்ள வீட்டிலெல்லாம் எலிக்காகப் பூனை வளர்ப்பார்கள். பிறாண்டாத பூனை உண்டா? மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் போடுவார்கள். இல்லையென்றால் சுண்ணாம்பு வைப்பார்கள். காப்பித்தூள் வைப்பவர்களும் உண்டு. யாருக்கும் ஒன்றும் ஆனதாக நான் கேள்விப்பட்டதில்லை. மஞ்சள் கிருமிநாசினி என்று படித்தவர்களும் சொல்கிறார்களே? ஒவ்வொரு கீறலுக்கும் ஊசிக்கு ஓடுவதென்றால் பூனை வளர்ப்பவன் வாரம் தவறாமல் மருத்துவமனை வாசலில் அல்லவா நிற்க வேண்டும்?

வெள்ளைச்சீருடை எழுதியது:

கேட்டது நியாயமான கேள்விதான், தம்பி. பெரும்பாலான கீறல்கள் எதைப் பூசினாலும், எதையும் பூசாவிட்டாலும் ஆறிவிடும். அதனால்தான் பூசியவை எல்லாம் மருந்து என்று பெயர் வாங்கிக்கொண்டன. மஞ்சளில் உள்ள குர்குமின் ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் சில கிருமிகளைத் தடுப்பது உண்மை. அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் தூள் அப்படிப்பட்டதன்று. அது தூசியும் ஈரக்கையும் பட்டுக் கிடப்பது. அதைப் பூசிவிட்டால் காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவுகிறதா என்பதும் மஞ்சள் கறையில் தெரியாமல் போகும். சுண்ணாம்பு தோலை வேகவைக்கும். மிளகாய், சுண்ணாம்பு, எண்ணெய், மஞ்சள், உப்பு என எதையும் இத்தகைய காயத்தில் வைக்கக் கூடாது என்பதே நாட்டின் ரேபிஸ் தடுப்பு வழிகாட்டலிலும் உள்ளது. எரிச்சலூட்டும் பொருள் காயத்தைக் கிளறி, மேலே இருக்கும் வைரஸை உள்ளே நரம்பு முனைகளுக்குக் கொண்டுபோக உதவலாம் என்பது அதற்கான காரணம்.

வாரா வாரம் ஊசி போட வேண்டியதில்லை. ஒருமுறை முழுச் சுற்றையும் போட்டுச் சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பவர்களுக்கு, பின்னால் மறுபடி கீறல் பட்டால் முதல் நாளும் மூன்றாம் நாளுமாக இரண்டே ஊசிகள் போதும்; இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. முழுச் சுற்று முடிந்து மூன்று மாதத்துக்குள் பட்ட கீறல் என்றால், கழுவினாலே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. விலங்குகளோடு தினமும் புழங்குகிறவர்கள் காயம் படுவதற்கு முன்னரே தடுப்பூசி போட்டுக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஆகவே அந்தச் சீட்டை மளிகைக் கணக்கோடு சேர்த்துத் தொலைத்துவிடாதீர்கள்.

நாலுகால்நண்பன் (கால்நடை மருத்துவர், திருநெல்வேலி) எழுதியது:

மனிதருக்கான மருத்துவத்தை அம்மா சொல்லிவிட்டார்கள். நான் பூனையின் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

முதலாவதாக, நீங்கள் பார்த்த தெள்ளுப்பூச்சி சின்ன விஷயமன்று. பூனைக்கீறல் காய்ச்சல் என்று ஒன்று உண்டு. பார்டோனெல்லா ஹென்செலே என்னும் பாக்டீரியா அதற்குக் காரணம். தெள்ளுப்பூச்சியின் எச்சத்தில் அது இருக்கும். பூனை சொறிந்துகொள்ளும்போது எச்சம் நகத்துக்கடியில் சேரும். அந்த நகம் நம் தோலைக் கிழித்தால் நமக்குள் போகும். ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டிகளிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. பூனைக்கு நோய் இருப்பதாகவே தெரியாது. நன்றாகத் துள்ளி விளையாடும். எனவே நகத்தைவிடத் தெள்ளுப்பூச்சியைத்தான் முதலில் ஒழிக்க வேண்டும்.

அதற்குக் குளிப்பாட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நெருங்கிய பல்லுள்ள சீப்பால் வாரி, சோப்புத் தண்ணீரில் சீப்பை முக்கி எடுத்தாலே பாதி குறைந்துவிடும். கழுத்தின் பின்புறம் விடும் சொட்டு மருந்தை எடைக்கு ஏற்ப வாங்கிப் போடலாம். இதில் ஓர் எச்சரிக்கை: நாய்க்கென்று விற்கும் சொட்டு மருந்தைப் பூனைக்கு ஒருபோதும் போடக் கூடாது. அவற்றில் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாய்க்கு ஒன்றும் செய்யாத அந்த மருந்து பூனைக்கு வலிப்பை வரவழைத்து உயிரையே எடுத்துவிடும். கடைக்காரர் "இரண்டுக்கும் ஒன்றுதான்" என்று சொன்னாலும் உறைமீது பூனைக்கென்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ரேபிஸ் தடுப்பூசியைப் பூனைக்கு மூன்று மாத வயதிலிருந்து போடலாம், பிறகு ஆண்டுதோறும். உங்கள் குட்டியைப் பத்து நாள் கவனித்து முடித்ததும் முதல் வேலையாக அதைச் செய்துவிடுங்கள். கவனிக்கும் நாட்களில் அது தீனியைத் தொடாமல் இருட்டு மூலையில் ஒடுங்கிக்கொண்டாலோ, காரணமின்றிச் சீறிப் பாய்ந்தாலோ, எச்சில் ஒழுக நடை தள்ளாடினாலோ கையால் தொடாமல் அறைக்கதவைச் சாத்திவிட்டு எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடுங்கள்.

நகம் வெட்டுவது எளிய வேலை. பூனை தூங்கி வழியும் நேரத்தில் பாதத்தின் மேலும் கீழும் மெல்ல அழுத்தினால் நகம் வெளியே நீளும். கண்ணாடி போல் தெரியும் கொக்கி நுனியை மட்டும் வெட்ட வேண்டும்; உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவதில் ரத்த ஓட்டம் இருக்கிறது, அதைத் தொடக் கூடாது. முன்காலில் ஐந்தைந்து, பின்காலில் நான்கு நான்கு நகங்கள். ஒரே மூச்சில் பதினெட்டையும் வெட்ட முயன்றால் இன்னொரு கீறல் நிச்சயம்; இன்று இரண்டு, நாளை இரண்டு என்று போனால் பூனைக்கும் பழகிவிடும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். நகத்தையே அறுவை செய்து எடுத்துவிட முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். அது நகத்தை எடுப்பதன்று. விரலின் கடைசி எலும்பையே வெட்டி எடுப்பது. நான் அதைச் செய்வதில்லை. ஒரு பலகையில் சணல் சாக்கையோ கயிற்றையோ சுற்றி வையுங்கள். பூனையின் நகத்துக்கு அதுவே போதும். வெறுங்கையை ஆட்டி விளையாட்டுக் காட்டுவதையும் வீட்டில் எல்லாரும் நிறுத்துங்கள். கை என்பது பாய்ந்து பிடிக்க வேண்டிய இரை என்று குட்டிக்கு நாமே கற்றுக்கொடுக்கிறோம்.

மாடிப்படி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மருத்துவமனைக்குப் போய்வந்துவிட்டேன். ரத்தம் வந்த கீறலைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் செலுத்தினார்கள், முதல் தடுப்பூசியும் டெட்டனஸ் ஊசியும் போட்டார்கள். அடுத்த ஊசிக்கு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். குட்டி இப்போது மாடிக் கதவு சாத்தப்பட்ட வீட்டுக்குள் கோபமாக இருக்கிறது. இனி இந்தக் கீறலை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லுங்கள். காற்றாட விட்டுக் காய்ந்து பக்குக் கட்டினால்தான் ஆறும் என்று மாமியார் உறுதியாக நம்புகிறார்.

மருந்துக்கடைசி (மருந்தாளுநர், திருச்சி) எழுதியது:

மருத்துவர் பார்த்தாயிற்று, சீழோ பரவும் சிவப்போ இல்லை என்ற நிலையில் மேற்கொண்டு சொல்கிறேன்.

காய்ந்து பக்குக் கட்டினால்தான் காயம் ஆறும் என்ற எண்ணம் உலகம் முழுவதும் இருந்ததுதான். 1962இல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிக்குட்டிகளின் தோலில் சிறு காயங்கள் உண்டாக்கி, சிலவற்றைக் காற்றில் உலரவிட்டு, சிலவற்றை மெல்லிய படலத்தால் மூடிப் பார்த்தார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரு மடங்கு விரைவாகப் பரவியது. உலர்ந்த பக்கு இருந்தால் புதிய தோலணுக்கள் அதற்கு அடியில் வழி தேடிக்கொண்டு போக வேண்டும். ஈரம் இருந்தால் நேராக நகர்ந்து போகும்.

ஆகையால் தினமும் ஒருமுறை சோப்பும் தண்ணீரும் கொண்டு மென்மையாகக் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து, பெட்ரோலியம் ஜெல்லியை மிக மெல்லிய படலமாகத் தடவுங்கள். புதிதாகப் பிரித்த டப்பாவாக இருக்கட்டும். வீட்டில் எல்லாரும் விரல் விட்ட டப்பா வேண்டாம். சட்டைக்கை உரசும் இடமாக இருந்தால் ஒட்டாத மெல்லிய துணிக்கட்டைத் தளர்வாகப் போட்டு, நனைந்தால் உடனே மாற்றுங்கள். உரசாத இடமென்றால் கட்டு அவசியமில்லை. இறுக்கமான கட்டு எப்போதும் வேண்டாம். கடையில் கேட்டதும் எடுத்துத் தரும் ஆண்டிபயாடிக் பொடிகளில் பலவற்றில் நியோமைசின் உண்டு. சிலருக்கு அது ஒவ்வாமையைத் தந்து, காயத்தைச் சுற்றி அரிப்பும் கொப்புளமும் கிளப்பிவிடும். அதைக் கண்டு தொற்று என்று எண்ணி மேலும் அதே பொடியைத் தூவி மறுபடி கடைக்கு வருபவர்கள் உண்டு. சிறு கீறலுக்கு அது தேவையே இல்லை.

தழும்பைப் பொறுத்தவரை, மேல்தோல் மட்டும் கிழிந்தவை சுவடில்லாமல் போய்விடும். ரத்தம் வந்த கோடு நம் நிறத் தோலில் சில மாதங்களுக்குக் கருத்த வரியாக நிற்கக்கூடும். பக்கைப் பிய்ப்பதும் வெயிலில் காட்டுவதும்தான் அதை மேலும் கருக்கச் செய்பவை. தோல் மூடிய பிறகு வெளியே போகும்போது முழுக்கை போடுங்கள் அல்லது எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் தடவுங்கள். முன்பு பட்ட காயங்கள் தடித்துத் தழும்பாக எழும்பும் உடல்வாகு இருந்தால், தோல் மூடியதும் சிலிக்கான் ஜெல் பயன்படுத்துவது குறித்துத் தோல் மருத்துவரிடம் கேளுங்கள்.

வெள்ளைச்சீருடை எழுதியது:

உங்கள் மாமனாரைப் பற்றிய கேள்வி விட்டுப்போயிற்று. சர்க்கரை நோயாளிக்கும், ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவருக்கும், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவருக்கும் பூனைக் கீறல் வீட்டு வைத்தியத்துக்கு உரியதன்று. சிறியதாக இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். குறிப்பாகக் கால்களில் உணர்ச்சி மங்கியவருக்குக் கீறல் பட்டதே தெரியாது என்பதால், மடியில் படுக்கும் பூனை இருக்கும் வீட்டில் இரவில் அவர் கால்களை ஒருவர் பார்த்துவிடுவது நல்லது. பூனையைத் துரத்த வேண்டியதில்லை. நகம் வெட்டி, தெள்ளுப்பூச்சி ஒழித்து, மடியில் தடித்த துண்டொன்றை விரித்துக்கொண்டால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். புண் இருக்கும் இடத்தை மட்டும் பூனை நக்க விடக் கூடாது.

உங்கள் கையில் சிவப்பின் விளிம்பைப் பேனாவால் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு கோட்டைத் தாண்டிப் பரவினாலோ, தொட்டால் சுட்டாலோ, சீழ் கட்டினாலோ, அக்குளை நோக்கிச் செவ்வரி ஓடினாலோ, காய்ச்சல் கண்டாலோ அன்றே காட்டுங்கள். பூனை வாயில் பாஸ்டுரெல்லா என்றொரு கிருமி இருக்கிறது. கடியால்தான் அது அதிகம் வரும், கீறலாலும் வரலாம். 24 மணி நேரத்துக்குள்ளேயே கடும் வலியும் வீக்கமும் காட்டும். ஏதோ ஓர் ஆண்டிபயாடிக் அதற்குச் சரிப்படாது, பொருத்தமானதை மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும். கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். கண்ணுக்கு அருகிலோ விரல் மூட்டின்மேலோ கீறல் பட்டால் இந்த அறிகுறிகளுக்காகக் காத்திருக்கவே வேண்டாம்.

கால்நடை மருத்துவர் சொன்ன பூனைக்கீறல் காய்ச்சலுக்கு அவசரம் கிடையாது. அதனால்தான் அது ஏமாற்றிவிடுகிறது. கீறல் பட்ட இடத்தில் சில நாட்களில் சிறு கொப்புளம் போல் ஒன்று தோன்றும். ஒன்று முதல் மூன்று வாரத்தில், அதாவது கீறலே ஆறி மறந்துபோன பிறகு, அக்குளிலோ முழங்கை மடிப்பின் உட்புறத்திலோ வலியோடு நெறி கட்டும். சோர்வும் லேசான காய்ச்சலும் சேர்ந்து வரலாம். உடல்நலம் உள்ளவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ அது தானாகவே வடிந்துவிடும். சிலருக்கு மருத்துவர் அஸித்ரோமைசின் எழுதித் தருவார். நெறி கட்டியதைக் காட்டப் போகும்போது "மூன்று வாரத்துக்கு முன் பூனை பிறாண்டியது" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாவிட்டால் காசநோயா, வேறு கட்டியா என்று பரிசோதனைமேல் பரிசோதனையாக எழுத வேண்டிய நிலை மருத்துவருக்கு வந்துவிடும்.